முதலில் கருவியா, முதலில் வேலையா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

நான்கு ஆண்டுகளாகக் கேமரா உதவியாளராக இருக்கிறேன். ஸ்டெடிகேம் ஆபரேட்டராக, அதாவது கேமராவை உடம்பில் மாட்டிக்கொண்டு ஆடாமல் நடந்து படம் பிடிப்பவராக, தனித்துத் தொழில் தொடங்க ஆசை. சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்குக் கடன் வாங்கி, முழுக் கருவியையும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சொந்தக் கருவி இருந்தால் வேலை தானாக வரும் என்கிறார்கள். கேமராவை மோட்டாரால் நிலைநிறுத்தும் கைப்பிடிக் கருவியான மோட்டார் கிம்பல் வந்த பிறகு ஸ்டெடிகேமே செத்துவிட்டது என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பிப்ரவரி 4

வாங்காதீர்கள்.

பிப்ரவரி 4, இரவு

ஒற்றைச் சொல்லில் முடித்ததற்கு மூன்று பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, விரிக்கிறேன்.

கடன் வாங்கிக் கருவி வாங்கியவனுக்கு "முடியாது" என்ற சொல் மறந்துபோகும். ஈரமான படிக்கட்டில் பின்னோக்கி இறங்கச் சொல்வார்கள், மாதத் தவணை நினைவுக்கு வரும், இறங்குவான். பதினான்கு மணி நேரம் நின்ற பிறகு "இன்னும் ஒரே ஒரு டேக்" என்பார்கள், தவணை நினைவுக்கு வரும், மறுபடியும் மாட்டிக்கொள்வான். மறுக்கும் உரிமை தொடக்கக்காரனுக்குத்தான் அதிகம் தேவை. எது ஆபத்து என்று அவனுக்கு இன்னும் தெரியாதே.

இன்னொன்று, எந்தக் கருவி வேண்டும் என்பதே உங்களுக்கு இப்போது தெரியாது. உடம்பில் அணியும் வெஸ்ட்டையும் கேமரா ஏறும் தண்டையும் இணைக்கும் ஸ்பிரிங் கைக்கு ஓர் எடை வரம்பு உண்டு. சிறிய கேமராவுக்கான கையை வாங்கினால், பெரிய லென்ஸ் மாட்டிய திரைப்படக் கேமராவை அது தாங்காமல் தொங்கிப்போகும். பெரிய கையை வாங்கினால், சிறிய கேமராவோடு எடைத் தகடுகளைக் கட்டி வீணாகச் சுமக்க வேண்டும். உங்களுக்கு வரப்போவது திரைப்படமா, விளம்பரமா, மேடை நிகழ்ச்சியின் நேரடி ஒளிபரப்பா? இன்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் வாடகைக்கு எடுங்கள்.

வாடகைக்கு எடுத்த நாளில் படப்பிடிப்பு சீக்கிரம் முடிந்தால் சுவரில் ஒரு கூட்டல் குறி வரையுங்கள். மானிட்டரின் நடுப்புள்ளியை அதன்மேல் வைத்து முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று நடங்கள். குறி நடுவை விட்டு விலகக் கூடாது. நான் இதை மூன்று மாதம் செய்தேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக வீட்டில் நினைத்தார்கள். இன்றும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வேலை வந்தால், முந்தின நாள் அந்தக் கூட்டல் குறிக்குத்தான் திரும்புகிறேன்.

பிப்ரவரி 6

செத்துவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

கேமரா ஆறு விதமாக அசையும். சுழற்சி மூன்று: மேலும் கீழும் தலையாட்டுவது, இடம் வலமாகத் திரும்புவது, பக்கவாட்டில் சாய்வது. பெயர்ச்சி மூன்று: மேலே கீழே, இடம் வலம், முன்னே பின்னே. மோட்டார் கிம்பல் சுழற்சிகளை மட்டும் அடக்குகிறது. நடக்கும்போது காலடிக்குக் காலடி உடல் எழும்பி இறங்குகிறதே, அதை அது தொடுவதில்லை. காட்சி தூரத்தில் இருந்தால் அந்தத் துள்ளல் கண்ணுக்குத் தெரியாது. அருகில் ஒரு முகமோ தூணோ இருந்தால் வாத்து நடப்பது போலப் படம் துள்ளும்.

ஸ்டெடிகேமில் துள்ளலை விழுங்குவது ஸ்பிரிங் கை. சுழற்சியைத் தணிக்க மோட்டார் கிடையாது, நிறைப் பரவல்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேலே கேமரா, கீழே பேட்டரியும் மானிட்டரும், நடுவே நீண்ட தண்டு. கயிற்றின்மேல் நடப்பவர் நீளமான கழியைப் பிடித்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். நிறை விலகிப் பரவியிருந்தால் சட்டென்று சுழலாது.

இவ்வளவும் தெரிந்த மேதாவி என்பதால் 2013இல் மோவி என்ற மோட்டார் கிம்பல் வந்தபோது நான் சிரித்தேன். பொம்மை, ஆறு மாதத்தில் காணாமல் போகும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த ஆண்டு ரோனின் என்ற இன்னொன்று வந்தது. எனக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த சின்னச் சின்ன விளம்பர வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த வேலைகளைக் கொடுத்தவர்களுக்கு ஆறு வகை அசைவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. படம் ஓரளவு ஆடாமல், மதியத்துக்குள் முடிந்தால் போதும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பிறகு வாயை மூடிக்கொண்டு நானும் ஒன்று வாங்கினேன்.

செத்தது கீழ்ப்படி வேலை. நடிகரோடு ஒட்டி நடக்கும் நீண்ட ஷாட், நடுவில் வேகம் மாறும் ஷாட், கடைசியில் அசையாமல் நின்று முகத்தில் முடியும் ஷாட் ஆகியவற்றுக்கு இன்றும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான் கைபழகியது அந்தக் கீழ்ப்படியில்தான். புதிதாக வருகிறவர்களுக்கு அது இல்லை. இதற்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் கிடையாது.

பிப்ரவரி 7

"மோட்டார் கிம்பலை ஸ்பிரிங் கையில் மாட்டலாமே" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். மாட்டலாம். நானே பாதி நாள் அப்படித்தான் வேலை செய்கிறேன், நேற்று எழுத மறந்துவிட்டேன். 2016இல் கேமரா தயாரிக்கும் ஆரி நிறுவனம் கொண்டுவந்த டிரினிட்டியும் இரண்டையும் கலந்ததுதான்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஸ்டெடிகேம் தண்டைச் சுற்றியுள்ள மூட்டுக்கும் கிம்பல் என்றுதான் பெயர். ஒருமுறை, துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த அந்த மூட்டைக் கேட்டு "கிம்பலைக் கொண்டு வாருங்கள்" என்றேன். புது உதவியாளர் பக்கத்து யூனிட்டின் மோட்டார் கிம்பலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் பின்னாலேயே அந்த யூனிட்டும் வந்தது.

பிப்ரவரி 11

வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்தவர் எப்படித் தொடங்கினார் என்று ஒருவர் கேட்டுவிட்டார். எப்போதோ வரப்போகிற கேள்விதான்.

வாங்கித்தான் தொடங்கினேன். பழைய கருவி ஒன்று, முழுத் தொகுதியாக, ஓய்வு பெறும் ஓர் ஆபரேட்டரிடமிருந்து. அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவருடைய உடம்புக்கு ஏற்ற வெஸ்ட் என் இடுப்பெலும்பில் உட்காராமல் தொடை வரை இறங்கியது. பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் எடை தோளுக்கு ஏறியது. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன். அந்தக் காலத்தில் எடுத்த ஷாட்களைப் பார்த்தால் ஒவ்வொன்றும் பத்தாவது விநாடியில் இடதுபுறம் நழுவுவது தெரியும். கலைநயம் என்று ஒருவர் பாராட்டினார். தோள்வலி.

ஆகவே முதல் பதிலைத் திருத்துகிறேன். முழுத் தொகுதியாக வாங்காதீர்கள். எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் முதலில் வெஸ்ட். அது செருப்பைப் போல, அடுத்தவருடையது உதவாது. சொந்த வெஸ்ட்டை வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். இணைப்புப் பகுதி பொருந்துகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். இரண்டாவது ஸ்பிரிங் கை. நல்ல கை, பராமரித்தால், பல ஆண்டுகள் உழைக்கும். தண்டும் மானிட்டரும் கடைசி. மின்கம்பிகளும் வீடியோ இணைப்புகளும் கேமராக்களோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்று வாங்கியது சில ஆண்டுகளில் பழசாகிவிடும்.

சொந்தக் கருவி இல்லாதவனை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், ஓரளவு. தொலைபேசியில் "கருவி இருக்கிறதா" என்றுதான் கேட்கிறார்கள். "கொண்டுவருகிறேன்" என்று சொல்லுங்கள். யாருடையது என்று இதுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை.

பிப்ரவரி 19

முதுகு. எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், சுற்றி வளைத்து.

முழுத் திரைப்படக் கேமராவோடு சேர்த்தால் முப்பது கிலோ வரை உடம்பில் தொங்கும். ஆனால் எடையைவிட அது தொங்கும் இடம்தான் முக்கியம். தண்டு உடலை ஒட்டி இருந்தால் இடுப்பும் கால்களும் சுமக்கும். அரை அடி விலகினால் கீழ் முதுகு சுமக்கும். நிமிர்ந்து, மார்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளி நின்று, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கருவி ஓடிப்போகாமல் அங்கேயே மிதந்தால் நிற்பது சரி. ஓடினால் நீங்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். தண்டைப் பிடிக்கும் கைக்கு மூன்று விரல் போதும். இறுக்கிப் பிடித்தால் மூச்சுக்கூடப் படத்தில் தெரியும்.

எனக்கு முதுகு போனது ஒரு நீண்ட ஷாட்டில் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அது பொய். ஷாட் இரண்டு நிமிடம்தான். அதற்கு முன்பு இயக்குநரும் நடிகரும் ஒரு வசனத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் கருவியை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். ஸ்டாண்டு நான்கடி தள்ளி இருந்தது. இறக்கி வைத்தால் பலவீனன் என்று நினைப்பார்களோ என்ற எண்ணம். மறுநாள் காலை கால்சட்டை போட இன்னொருவர் உதவி தேவைப்பட்டது. நான் பலவீனனா இல்லையா என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமாக இல்லை.

இப்போது "கட்" என்ற சொல் கேட்ட உடனே ஸ்டாண்டு. அதை என் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வர ஒருவர் வேண்டும் என்று வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுகிறேன். பின்னோக்கி நடக்கும்போது இடுப்பைப் பிடித்து வழிகாட்டுவதும் அதே ஆள்தான். மதிய உணவுக்கு முன்னால் அவரோடு நட்பாகிவிடுங்கள்.

பிப்ரவரி 20

"ரஷ்யன் ஆர்க் படத்தில் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடம் சுமக்கவில்லையா?" சுமந்தார். அதன் ஒளிப்பதிவாளர் தில்மான் பியூட்னர், 2001 டிசம்பரில், ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள், ஒரே டேக். நான் அவரில்லை. நீங்களும் அவரில்லை. என் சாதனை ஒன்பது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் மானிட்டர் இரண்டாகத் தெரிந்தது.

மார்ச் 2

பணம். இதுவரை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியது இதுதான்.

பில்லில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: ஆளுக்கு ஒரு தொகை, கருவிக்கு ஒரு தொகை. ஒரே தொகையாக எழுதினால், "கருவி எங்களிடமே இருக்கிறது, நீங்கள் மட்டும் வாருங்கள்" என்று அவர்கள் சொல்லும் நாளில் உங்கள் உழைப்புக்கு விலை என்ன என்று உங்களுக்கே தெரியாது. தள்ளுபடி கேட்டால் கருவி வரியில் குறையுங்கள். ஆள் வரியில் ஒருமுறை குறைத்தால் அடுத்த முறை அதுவே உங்கள் விலை.

மிகை நேரம் எப்போதிலிருந்து என்பதை எழுதி வாங்குங்கள். வரச் சொன்ன நேரத்திலிருந்துதான். முதல் ஷாட்டிலிருந்து என்று ஒரு தயாரிப்பு மேலாளர் என்னிடம் வாதாடியிருக்கிறார். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டு மாலை நான்கு மணிக்கு என் முதல் ஷாட்டை வைத்திருந்தார். ரத்துக்கும் எழுதி வாங்குங்கள். என் வழக்கம், முந்தின நாள் ரத்தானால் பாதி, அன்றே ரத்தானால் முழுத் தொகை. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் ரத்து செய்கிறார்கள்.

கருவிக்குக் காப்பீடு எடுங்கள், வண்டியில் விட்டுச் சென்ற பொருள் களவு போனால் தருவார்களா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் கேமரா யார் தலையிலாவது இடித்தால் யார் பொறுப்பு என்ற வரியையும்.

தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டியவை: எந்தக் கேமரா, எந்த லென்ஸ்கள், தரை எப்படி, படிக்கட்டு உண்டா, வெளிப்புறமா, ஃபோகஸ் புல்லர் (படம் மங்காமல் லென்ஸைச் சரிசெய்துகொண்டே இருப்பவர்) யார். வெளிப்புறம் என்றால் காற்றைப் பற்றிப் பேசுங்கள். கருவி மிதப்பதால் சிறு காற்றும் அதைத் தள்ளும், மறைக்கப் பெரிய பலகையோடு ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டும். லென்ஸ் மாற்றினால் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் உதவி இயக்குநரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் சொன்னால் தகவல், மாலையில் சொன்னால் சாக்கு.

ஒரு நிறுவனம் ஏழு மாதம் என் பணத்தைத் தரவில்லை. நாள்தோறும் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3

பழைய டைரியைப் புரட்டினேன். அந்த ஏழு மாதத்தில் முதல் ஐந்து வாரம் நான் பில்லே அனுப்பவில்லை. திட்டியதில் ஐந்து வாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 16

மூன்று பேர் தங்கள் ஷோ ரீலை, அதாவது வேலை கேட்கக் காட்டும் மாதிரித் தொகுப்பை, அனுப்பியிருக்கிறார்கள். மூன்றிலும் முதல் அரை நிமிடம் நீங்கள் வெஸ்ட் அணிந்து, மெதுவான வேகத்தில், புகைக்கு நடுவே நடந்து வருகிறீர்கள். அழகாக இருக்கிறீர்கள். உங்களைப் படம் பிடித்தவர் யார்? அவருக்கு வேலை கொடுக்கலாம் போலிருக்கிறது.

இந்தத் தொழிலின் முதல் ரீலை நினைத்துப் பாருங்கள். கேரட் பிரௌன் 1970களின் நடுவில் கருவியை உருவாக்கியபோது, அதுவரை எடுக்க முடியாதவை என்று கருதப்பட்ட ஷாட்களைத் தொகுத்துக் காட்டினார். கருவியைக் காட்டவில்லை, யாராவது பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயம். அதில் ஒன்று, அவருடைய தோழி பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகளில் ஓடும் ஷாட். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் அவில்ட்சன், இதை எப்படி எடுத்தீர்கள், அந்தப் படிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். 1976இல் வெளியான ராக்கியில் குத்துச்சண்டை வீரன் ஏறும் படிகள் அவைதான். ரீலைப் பார்ப்பவருக்கு உங்கள் முகம் வேண்டாம்.

ஷாட்டை வெட்டாமல் போடுங்கள். குறிப்பாக நிற்கும் இடத்தை வெட்டாதீர்கள். ஓடுவது யாருக்கும் ஓரளவு வந்துவிடும். ஓடி வந்து நின்ற பிறகு வரும் முதல் இரண்டு விநாடிகளைத்தான் நான் பார்ப்பேன், ஒளிப்பதிவாளரும் அதைத்தான் பார்ப்பார். நீங்கள் மூவரும் சரியாக அந்த இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும், நானும் வெட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 9

"நடக்காமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தால் அது ஸ்டெடிகேம் ஆகுமா?"

தி ஷைனிங் படத்தில் சிறுவன் மூன்று சக்கர வண்டியில் தாழ்வாரங்களில் சுற்றுகிறானே, அவனைத் தரையோடு தரையாகப் பின்தொடர்ந்ததும் சக்கர நாற்காலிதான். எடுத்தவர் கருவியைக் கண்டுபிடித்த அதே பிரௌன். அவருக்கு ஆகும் என்றால் நமக்கும் ஆகும்.

நான் வெகுநாள் வீம்புக்கு நடந்தேன். வண்டி இருக்கிறதா என்று கேட்பது இப்போது என் வழக்கமான கேள்விகளில் ஒன்று.

கேமரா முன்னோக்கி இருக்க நடப்பது, கேமராவைப் பின்பக்கம் திருப்பிவிட்டு முன்னோக்கி நடப்பது என்று இரண்டு நிலைகள் உண்டு. முன்னோடிகள் இவற்றுக்கு வைத்த செல்லப்பெயர்களை இங்கே எழுத முடியாது. படப்பிடிப்பில் யாரிடமாவது காதோடு காதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே 21

யார் வேலை கொடுக்கிறார்கள்? ஒளிப்பதிவாளர்களைப் பிடியுங்கள் என்று ஒரு நண்பருக்கு எப்போதோ அறிவுரை சொன்னேன். நேற்று அதே டைரியில் முதல் மூன்று ஆண்டுகளின் வேலைகளை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஃபோகஸ் புல்லர்கள் மூலம் வந்தவை. எண்ணிய பிறகுதான் காரணம் புரிந்தது. ஸ்டெடிகேம் ஷாட்டில் மிகவும் அவதிப்படுவது அவர்கள். தூரம் நொடிக்கு நொடி மாறுகிறது, நான் ஒத்திகையில் நின்ற இடத்தில் டேக்கில் நிற்காவிட்டால் படம் மங்கும், திட்டு அவர்களுக்கு விழும். குறித்த இடத்தில் நிற்கிறவனை அவர்கள் மறக்க மாட்டார்கள். நிற்காதவனையும்.

கேள்வி கேட்டவரே நான்கு ஆண்டுகளாக உதவியாளர். உங்கள் வேலை எங்கிருந்து வரும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே போனீர்கள்?

ஜூலை 12

வந்துவிட்டார். கடன் வாங்கவில்லை. வெஸ்ட் மட்டும் புதிதாக, மற்றவை வாடகை. இதுவரை ஐந்து நாள் வேலை, அதில் இரண்டு நாள் பணமில்லாத குறும்படம். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் படத்தின் கிடைமட்டக் கோடு சாய்ந்து, பிறகு மெல்ல நேராகிறது என்கிறார்.

எந்தக் காலில் நிற்கிறீர்கள்? கடைசி அடியைச் சிறியதாக எடுத்து, இரண்டு கால்களிலும் எடையைப் பிரித்து நின்று பாருங்கள்.

ஜூலை 13

இரண்டு காலில்தான் நிற்கிறாராம். அப்படியானால் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை: கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஜூலை 13, மாலை

நடிகருக்கு இணையாக, பக்கவாட்டில். காலைக் குறை சொன்னது தவறு, மன்னிக்கவும். தண்டின் அடிப்பகுதி கனமாக இருக்கிறது, அதனால் நீங்கள் நின்றதும் ஊசல் போல முன்னே வீசுகிறது. நடக்கும் திசையிலேயே கேமரா பார்த்தால் அது தலையாட்டலாகத் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் கோடு சாய்வதாகத் தெரியும்.

தண்டைக் கிடையாகப் பிடித்து விட்டுவிடுங்கள். செங்குத்து நிலையைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.

ஜூலை 14

ஒன்றரை. மிகவும் குறைவு. நான் இரண்டரையிலிருந்து மூன்று வரை வைப்பேன். கிம்பல் மூட்டைத் தண்டில் ஒரு நூல் அளவு கீழே இறக்குங்கள், மறுபடி எண்ணுங்கள். மோட்டார் கிம்பலை இல்லை.